கைத்தொழில் வாத்தியாரின் கடிகாரத்துக்கு ஒரு புது மெஷின்

எங்கள் வீட்டு முன்னறையில் தொங்கும் கடிகாரம் கடையில் வாங்கியது அன்று. அப்பா ஓர் உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றபோது, அதே பள்ளியின் கைத்தொழில் ஆசிரியர் தம் கையால் செய்து கொடுத்தது. 14 அங்குலக் குறுக்களவுள்ள வட்டமான தேக்குப் பலகை, எண்களுக்குப் பதிலாக 12 பித்தளைக் குமிழ்கள், பித்தளைத் தகட்டில் வெட்டி அரத்தால் ராவி எடுத்த இரண்டு முட்கள். ஆறு மணிக் குமிழுக்குக் கீழே சிறிய எழுத்தில் 31.5.1998 என்று செதுக்கியிருக்கும். நொடி முள் கிடையாது. அது இருக்க வேண்டிய நடுப்புள்ளியில் ஒரு பித்தளைக் குமிழ் நட் மட்டும் மூடியாக உட்கார்ந்திருக்கும். மேலே கண்ணாடியும் இல்லை.

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை அது நின்றிருந்தது. முதலில் கவனித்தவர் அப்பாதான். அவருக்கு இப்போது கண்பார்வை மங்கிவிட்டது, ஆனால் காது நன்றாகவே இருக்கிறது. "சத்தம் வரலையேப்பா" என்றார். நான் வழக்கம்போலப் புதிய பென்சில் செல் ஒன்றைப் போட்டேன், ஓடவில்லை. செல்லைத் திரும்ப வெளியே எடுத்தபோதுதான் அந்தக் குழியின் மூலையில் உப்புப் பூத்ததுபோல வெண்மையான படிவு இருப்பதைப் பார்த்தேன். பழைய செல் எப்போதோ கசிந்து, நான் அதைக் கவனிக்காமல் அடுத்த செல்லை அதன் மேலேயே போட்டு ஓட்டியிருக்கிறேன்.

இந்த இடத்தில் யாரும் சொல்லக்கூடிய யோசனை, 250 ரூபாய்க்குப் புதுக் கடிகாரமே வாங்கிவிடலாம் என்பது. குஜராத்தின் மோர்பி நகரத்திலிருந்து லட்சக்கணக்கில் வந்து இறங்கும் பிளாஸ்டிக் கடிகாரங்களைப் பொறுத்தவரை அந்த யோசனையில் தவறு இல்லை. எங்கள் கடிகாரத்துக்கு அது பொருந்தாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பலகையும் முட்களும் அப்படியே இருக்க, பின்னாலிருக்கும் மெஷினை மட்டும் மாற்ற வேண்டும். கடிகாரத்தை ஓட்டுகிற அந்தச் சிறிய கறுப்புப் பெட்டிக்குக் கடைத்தெருவில் மெஷின் என்றுதான் பெயர். நானும் அப்படியே எழுதுகிறேன். பத்து நிமிட வேலை என்று நினைத்தேன். மூன்று முறை கடைக்கு நடந்து, ஒரு மெஷினை வீணாக்கி, ஒரு முள்ளையும் கெடுத்துச் சரிசெய்த பிறகுதான் முடிந்தது. அந்தத் தவறுகள் எல்லாம் மெஷினைப் பார்த்துக்கொண்டே பலகையைப் பார்க்காமல் விட்டதால் வந்தவை என்பதால், நடந்ததை வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

பழைய மெஷினை எறிவதற்கு முன் திறந்து பார்த்தேன். ஓரத்திலிருக்கும் பிளாஸ்டிக் கொக்கிகளை நகத்தால் நெம்பினால் மூடி கழன்றுவிடும். உள்ளே அதிகம் ஒன்றும் இல்லை. பித்தான் அளவு மின்பலகை, அதன் நடுவில் சிப் எனப்படும் சில்லை மூடிய கறுப்புப் பிசின் துளி, அதன் பக்கத்தில் அரிசி மணியைவிடச் சற்றே பெரிய உலோகக் குழல், தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி சுற்றிய ஒரு சுருள், பிறகு நான்கைந்து வெள்ளைப் பல்சக்கரங்கள். அந்த உலோகக் குழலுக்குள் இசைக்கவை வடிவில் வெட்டிய குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. மின்னழுத்தம் கொடுத்தால் அது நொடிக்கு 32,768 முறை அதிரும். ஏன் இப்படி ஓர் எண் என்றால், அதைப் பதினைந்து முறை பாதியாக்கிக்கொண்டே போனால் சரியாக 1 வரும். பிசின் துளிக்கு அடியிலிருக்கும் சில் செய்வது அந்தப் பாதியாக்கும் வேலையைத்தான். நொடிக்கு ஒரு முறை அது சுருளுக்கு ஒரு சிறு மின்துடிப்பை அனுப்புகிறது, ஒருமுறை ஒரு திசையில், அடுத்த முறை எதிர்த்திசையில். ஒவ்வொரு துடிப்புக்கும் சுருளின் முனையிலுள்ள குட்டிக் காந்தம் அரைச் சுற்றுச் சுற்றிக்கொள்ளும். அந்த அரைச் சுற்றைப் பல்சக்கரங்கள் முப்பதில் ஒரு பங்காகக் குறைத்து நொடி முள்ளுக்கு 6 பாகை நகர்வாகக் கொடுக்கின்றன. குவார்ட்ஸ் படிகத்தால் நேரம் காட்டும் கடிகாரத்தை 1927இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வாரன் மாரிசன் என்பவர் செய்து காட்டினார். அது ஓர் அறையில் வைக்க வேண்டிய கருவி. இந்த அரைச் சுற்று மோட்டாருக்கு அடிப்படை பிரெஞ்சுப் பொறியாளர் மாரியஸ் லாவே 1936இல் உருவாக்கிய அமைப்பு. இரண்டும் சேர்ந்து உள்ளங்கையில் அடங்கி 80 ரூபாய்க்குக் கிடைக்கின்றன என்பதை நினைத்தால், அதை எறியும்போது கை சற்றுத் தயங்கத்தான் செய்கிறது.

எங்கள் மெஷினில் படிகமோ சக்கரங்களோ கெடவில்லை. செல்லிலிருந்து கசிந்த காரம் தகடு வழியாக ஊர்ந்து போய், சுருளின் கம்பி மின்பலகையோடு சேரும் இடத்தை அரித்துவிட்டது. அந்தக் கம்பியைத் திரும்பப் பற்றவைக்க முயன்றேன், தொட்டதும் உதிர்ந்தது. மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

மெஷின் வாங்கப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் கழுத்தைப் பற்றி. பெட்டியின் முகத்திலிருந்து ஒரு பித்தளைக் குழாய் வெளியே நீண்டிருக்கும். அதன் அடிப்பகுதியில் மரை வெட்டியிருக்கும். மரை உள்ள பகுதி டயலின் துளைக்குள் நுழைந்து மறுபக்கம் எட்டிப் பார்க்க வேண்டும், அங்கே வாஷரும் அறுகோண நட்டும் போட்டு இறுக்க வேண்டும். மரைக்கு மேலே சிறிய முள்ளுக்கான குழாய், அதற்குள்ளிருந்து பெரிய முள்ளுக்கான தண்டு, அதற்குள்ளே நொடி முள்ளுக்கான ஊசி. கடைக்காரர்கள் ஷாஃப்ட் நீளம் என்று பொதுவாகச் சொல்லும்போது பெட்டியின் முகத்திலிருந்து உச்சி வரையுள்ள முழு நீளத்தைச் சொல்கிறார்களா, மரையின் நீளத்தை மட்டும் சொல்கிறார்களா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நமக்கு வேண்டியது மரையின் நீளம். டயலின் தடிமனோடு ரப்பர் வாஷர், பித்தளை வாஷர், நட் ஆகியவற்றுக்காக 3 அல்லது 4 மில்லிமீட்டரைக் கூட்டினால் அது கிடைத்துவிடும். மெல்லிய பிளாஸ்டிக் அல்லது தகர டயலுக்கு 5 மில்லிமீட்டர் மரையே போதும், கடைகளில் மிகுதியாகத் தொங்குவதும் அதுதான். மரப்பலகையில் கடிகாரம் செய்கிறவர்கள் அவசரத்தில் வாங்கி ஏமாறுவதும் அதில்தான்.

அந்த ஏமாற்றத்துக்கு நான் ஆளாகக் கூடாது என்று முன்கூட்டியே எச்சரிக்கையாக இருந்தேன். வெர்னியர் கருவியை எடுத்துப் பலகையின் விளிம்பை அளந்தேன். 18 மில்லிமீட்டர். நான்கைக் கூட்டி, 22 மில்லிமீட்டர் மரை வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் உள்ள ஒரு சின்னக் கடைக்குப் போனேன். கடிகாரம் பழுதுபார்ப்பவர், எழுபதை நெருங்குகிறவர், கண்ணில் ஒட்டிய உருப்பெருக்கியைக் கழற்றாமலேயே என்னைப் பார்த்தார்.

"முள்ளு கொண்டாந்திருக்கீங்களா சார்?"

இல்லை என்றேன். அளவு கொண்டுவந்திருப்பதாகச் சொல்லித் தாளை நீட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு, "இவ்ளோ நீளமா? பலகைய நீங்களே பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். பார்த்தேன் என்றேன். நீள ஷாஃப்ட் மெஷின் அவரிடம் கைவசம் இல்லை. இரண்டு நாளில் வரவழைத்துத் தந்தார். சாதாரண மெஷினைவிட இரண்டு மடங்குக்கு மேல் விலை.

வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்தேன். கழுத்து பலகையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து, வந்துகொண்டே இருந்தது. முட்களைப் பொருத்தியபோது அவை பலகையை விட்டு இரண்டு விரற்கடை முன்னே, குடைக்காம்பில் மாட்டியதுபோல நின்றன. அப்போதுதான் பலகையைக் கவிழ்த்துப் பின்பக்கத்தை ஒழுங்காகப் பார்த்தேன். மெஷின் உட்காரும் இடத்தைக் கைத்தொழில் ஆசிரியர் உளியால் சதுரமாகக் குடைந்து எடுத்திருந்தார். குழியின் ஆழம் 12 மில்லிமீட்டர். நடுவில் மிஞ்சியிருந்த மரம் வெறும் 6 மில்லிமீட்டர். இத்தனை ஆண்டுகளாக எத்தனையோ முறை அந்தக் குழிக்குள் விரலைவிட்டுச் செல் மாற்றியிருக்கிறேன். பெட்டி அந்தக் குழியை நிறைத்துக்கொண்டு நின்றதால் பெட்டியைப் பார்த்தேனே தவிரக் குழியைப் பார்க்கவில்லை. அளக்க வேண்டியது துளையின் ஓரத்தில், அதுவும் மெஷினை எடுத்த பிறகு. நான் அளந்தது விளிம்பை.

நீளமான கழுத்துக்குப் பரிகாரம் உண்டு. பின்னால், பெட்டிக்கும் டயலுக்கும் நடுவில், ஒட்டுப்பலகைத் துண்டோ இரண்டு மூன்று ரப்பர் வாஷர்களோ கொடுத்து உயரத்தைச் சரிக்கட்டலாம். குட்டையான கழுத்தை நீட்டத்தான் வழி கிடையாது. எனவே சந்தேகம் இருந்தால் சற்று நீளமானதையே வாங்குவது நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள், அது சரியும்கூட. ஆனால் எங்கள் பலகையில் 12 மில்லிமீட்டருக்கு அண்டை கொடுத்தால் குழி முழுதும் அடைபட்டு, 16 மில்லிமீட்டர் தடிமனுள்ள பெட்டி முழுவதும் முதுகுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், கடிகாரம் சுவரோடு படியாது. குழி வெட்டியதன் காரணமே அதுதான். அவர் 1998இல் ஏதோ ஒரு சாதாரண மெஷினை மேசையில் வைத்துக்கொண்டு, அதற்கேற்பப் பலகையை வெட்டியிருக்கிறார். இப்போது நான் அந்தப் பலகைக்கேற்ப மெஷின் தேட வேண்டும். 10 மில்லிமீட்டர் மரை, 58 மில்லிமீட்டர் சதுரக் குழிக்குள் அடங்கும் பெட்டி. நல்லவேளையாக இந்தச் சாதாரண மெஷின்களின் பெட்டி 56 மில்லிமீட்டர் சதுரம் என்ற அளவில் ஏறக்குறைய உலகம் முழுதும் ஒன்றுபோலவே இருக்கிறது. யார் வகுத்த அளவானாலும் நன்றி சொல்ல வேண்டியதுதான்.

இரண்டாம் முறை போகும்போது பலகை, முட்கள், பழைய மெஷின் எல்லாவற்றையும் துணிப்பையில் எடுத்துப் போனேன். கடைக்காரர் பலகையைத் தொடவே இல்லை. முட்களை மட்டும் வாங்கி, துளைகளைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"மெஷின் வாங்க வர்றவங்க எல்லாரும் மெஷினத்தான் கொண்டாராங்க. முள்ளுதான் சார் கொண்டாரணும்" என்றார்.

பெரிய முள்ளின் துளை வட்டமாக இல்லாமல் இரு பக்கமும் தட்டையாக, சின்னச் சாவித்துவாரம்போல நீள்வட்டத்தில் இருந்தது. இந்த வகை முள் தண்டின் தட்டைப் பகுதியில் உட்காரும், அதன் உச்சியில் நுண்ணிய மரை இருக்கும், அங்கே நட்டுப் போட்டு நிறுத்த வேண்டும். நொடி முள் வேண்டுமானால் நடுவில் துளையுள்ள நட், வேண்டாமென்றால் எங்களுடையதைப்போல மூடிய குமிழ் நட். இன்னொரு வகை மெஷினில் பெரிய முள்ளுக்கான தண்டு வெறும் உருளை. அதில் முள்ளை விரலால் அழுத்திச் செருகினால் போதும், நட் கிடையாது. பிளாஸ்டிக் கடிகாரங்களில் இருப்பது பெரும்பாலும் இந்தச் செருகு வகைதான். இரண்டுக்கும் பெட்டி ஒன்றுபோல இருக்கும், கழுத்து நீளமும் ஒன்றுபோல இருக்கலாம். ஆனால் ஒன்றின் முள் மற்றொன்றில் நிற்காது. சிறிய முள் இரண்டு வகையிலும் வட்டத் துளையோடு செருகுவதுதான் என்றாலும், துளையின் அளவு உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் மில்லிமீட்டரின் சில பத்தில் ஒரு பங்கு மாறும். துளை சிறிதாக இருந்தால் எலிவால் அரத்தை இரண்டு சுற்றுச் சுற்றினால் சரியாகிவிடும். பெரிதாக இருந்தால் துளையின் விளிம்பை மெல்லத் தட்டி நெருக்க வேண்டும், அது பழகிய கைக்கே வரும். மெஷினோடு சேர்த்து முட்களையும் பொட்டலமாக விற்பதன் காரணம் இதுதான். முள்ளை வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள் மறுபேச்சில்லாமல் அந்தப் பொட்டலத்தையே வாங்கிவிடலாம்.

அடுத்து, எந்த வகை ஓட்டம் என்ற கேள்வி. நொடிக்கொரு தட்டுத் தட்டி ஓடும் மெஷின், சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டே போகும் ஸ்வீப் மெஷின் என்று இரண்டு. ஸ்வீப் மெஷினில் சுருளுக்குத் துடிப்புகள் நொடிக்குப் பல முறை போவதால் காந்தம் நிற்காமல் சுழல்கிறது; அதனால் ஓசையில்லை, செல்லைச் சற்றுக் கூடுதலாகத் தின்னும். படுக்கையறைக்கும் படிக்கும் அறைக்கும் இப்போது எல்லோரும் இதைத்தான் சிபாரிசு செய்கிறார்கள், தூக்கம் வராதவர்களுக்கு அது பெரிய உபகாரம் என்பதையும் மறுக்க மாட்டேன். அப்பாவிடம் கேட்டேன். "சத்தம் இல்லாட்டி ஓடுதா நிக்கிதான்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றார். நொடி முள் இல்லாத கடிகாரத்தில், அதுவும் அருகில் போய் உற்றுப் பார்த்தால்தான் மணி தெரியும் என்ற நிலையில் இருப்பவருக்கு, அந்த ஓசை ஒன்றே அடையாளம். தட்டும் மெஷினே வேண்டும் என்று முடிவாயிற்று.

பெண்டுலம் மெஷின் ஒன்றையும் கடைக்காரர் காட்டினார். அதில் ஊசலுக்கும் நேரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெட்டியின் அடிப்பகுதியில் தனிச் சுருள் ஒன்று காந்தத்தைத் தள்ளி ஊசலை ஆட்டிக்கொண்டிருக்கும், நேரத்தைப் படிகம் தன்பாட்டுக்குப் பார்த்துக்கொள்ளும். ஊசலைக் கழற்றி வைத்தாலும் மணி தவறாது. சாவி கொடுத்து ஓட்டிய பழைய பெண்டுலம் கடிகாரத்தை அறிந்தவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்று வேலையாகத் தோன்றும். ஜெர்மனியில் இருக்கும் உறவினர் ஒருவர், அங்கே கிடைக்கும் வானொலி அலையில் நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும் மெஷினை வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அது பிராங்க்பர்ட் அருகே மைன்ஃப்ளிங்கன் என்ற ஊரிலிருந்து 77.5 கிலோஹெர்ட்சில் வரும் குறிப்பைக் கேட்டு இயங்குவது; அந்த அலை ஐரோப்பாவைத் தாண்டி அதிக தூரம் வராது. மதுரைக்கு வந்தால் அது தன் நேரத்தைச் சொல்லுவார் யாருமின்றித் தேடிக்கொண்டே இருக்கும்.

ஆகவே 10 மில்லிமீட்டர் மரையும், தட்டைத் தண்டும், மரை வெட்டிய உச்சியும் உள்ள, தட்டி ஓடும் சாதாரண மெஷின் ஒன்றை 80 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். கதை அங்கே முடிந்திருக்க வேண்டும்.

முட்களைத் திரும்பப் பொருத்துவதற்கு முன்னால் அழகு பார்க்கும் ஆசை வந்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட பித்தளை கறுத்திருந்தது. புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன், பளபளவென்று வந்தது. பெரிய முள்ளுக்கு நடுத்துளைக்குப் பின்னால் இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு வால் உண்டு. அந்த வாலின் அடிப்பக்கத்தில் ஈயம் ஒரு கட்டியாகத் தட்டையாகப் பரவி ஒட்டியிருந்தது, மொத்தம் ஒரு சுண்டைக்காய் அளவு இருக்கும். முள் எப்போதோ உடைந்து யாரோ அவசரமாகப் பற்றவைத்த மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். சூட்டுக்கோலை வைத்து உருக்கித் துடைத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தையும் தேய்த்து மின்னவைத்தேன். வேலையில் அத்தனை சுத்தம்.

பிறகு முறைப்படி பொருத்தினேன். பெட்டியின் பின்னாலுள்ள சக்கரத்தைத் திருகித் தண்டைப் பன்னிரண்டுக்கு நேராகக் கொண்டுவந்து, சிறிய முள்ளைப் பன்னிரண்டில் செருகி, பெரிய முள்ளையும் பன்னிரண்டில் உட்காரவைத்துக் குமிழ் நட்டை விரலால் மட்டும் இறுக்கினேன். நட்டைக் குறடால் இறுக்கினால் உள்ளேயிருக்கும் நொடி ஊசி நசுங்கி ஓட்டம் நின்றுவிடும் என்பது பொதுவாக எல்லோரும் சொல்லும் எச்சரிக்கை. முட்கள் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் இணையாக இருக்கின்றனவா என்று பக்கவாட்டில் குனிந்து பார்த்துவிட்டு, கைபேசியைப் பார்த்து மணி வைத்துச் சுவரில் மாட்டினேன். டக், டக் என்று தட்டியது. அப்பா கேட்டுவிட்டுத் தலையசைத்தார்.

மறுநாள் காலை அது நாற்பது நிமிடம் பின்தங்கியிருந்தது. ஆனால் சத்தம் நிற்கவில்லை. இது எனக்குப் புதிராக இருந்தது; குவார்ட்ஸ் கடிகாரம் ஓடினால் சரியாக ஓடும், இல்லாவிட்டால் நிற்கும், மெதுவாக ஓடாது என்றல்லவா நினைத்திருந்தேன். நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்து பார்த்தேன். பெரிய முள் பன்னிரண்டிலிருந்து ஆறு வரை ஒழுங்காக இறங்கியது. ஆறைக் கடந்து மேலே ஏறத் தொடங்கியதும் தயங்கியது. ஒன்பதை நெருங்கும்போது, அதாவது முக்கால் மணியில், டக், டக் என்று உள்ளே தட்டிக்கொண்டே இருக்க, முள் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. சில நிமிடங்களுக்குப் பிறகு எதையோ பிடித்துக்கொண்டதுபோல மறுபடியும் ஏறியது.

காரணம் தெளிவாகிவிட்டது. முள் படுக்கைவாட்டில் நின்று மேல்நோக்கி ஏற வேண்டிய ஒன்பது மணித் திசையில்தான் அதன் எடை முழுவதும் மெஷினுக்கு எதிராக இழுக்கும். மோட்டார் தரும் சிறு விசை பல்சக்கரங்கள் வழியாகப் பெரிய முள்ளுக்கு வந்து சேரும்போது பல மடங்காகிவிடுவதால் மோட்டார் திணறவில்லை. ஆனால் நாம் மணி வைப்பதற்காகப் பெரிய முள்ளின் சக்கரத்தில் ஓர் உராய்வுப் பிடிமானம் வைத்திருப்பார்கள். பின்னாலிருந்து திருகும்போது மற்ற சக்கரங்களைப் பாதிக்காமல் முள் வழுக்கிச் சுற்றுவது அதனால்தான். முள் கனமானால் அந்தப் பிடிமானம் தானாகவே வழுக்குகிறது. உள்ளே எல்லாம் ஓடும், வெளியே முள் நிற்கும். சத்தம் கேட்டால் கடிகாரம் ஓடுகிறது என்ற அப்பாவின் கணக்கு அந்த ஒரு நாள் பொய்த்தது.

சாதாரண மெஷின்களுக்கென்று கடையில் வரும் முட்கள் மெல்லிய அலுமினியத் தகட்டில் செய்தவை. அதே அளவில் பித்தளையில் வெட்டினால் எடை மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிடும். கைத்தொழில் ஆசிரியருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? அந்த ஈயக் கட்டி பழுதுபார்த்த மிச்சமே இல்லை. 125 மில்லிமீட்டர் நீண்ட முன்பகுதியின் எடைக்கு ஈடாக, வாலின் முனையில் அவர் வைத்த எதிரெடை அது. சிறிய முள்ளில் உரசாதபடி தட்டையாகப் பரப்பியும் இருக்கிறார். நான் அதைத்தான் உருக்கித் துடைத்து, புளி போட்டு மினுக்கியிருக்கிறேன்.

மூன்றாம் முறையாகக் கடைக்குப் போனபோது, கனமான முட்களுக்கென்றே வரும் உயர்விசை மெஷின்கள் பற்றிக் கேட்டேன். இருக்கின்றன, கோயில் மண்டபங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் மாட்டும் பெரிய கடிகாரங்களுக்கு அவற்றையே போடுகிறார்கள். ஆனால் அவர் எடுத்துக் காட்டியவை உருவில் பெரியவை, எங்கள் குழிக்குள் போகாது. குழியைப் பெரிதாக்குவதற்கு உளியைப் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை, கையும் வராது. நான் செய்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. உருப்பெருக்கியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "திரும்ப வையுங்க. கொஞ்சம் கொஞ்சமா வையுங்க" என்றார்.

அப்படியே செய்தேன். ஒரு தடித்த தையல் ஊசியை மரக்கட்டையில் குறுக்காகக் குத்திவைத்து, முள்ளின் துளையை அதில் மாட்டினேன். முன்பகுதி சட்டென்று கீழே தொங்கியது. வாலில் ஈயத்தைத் துளித் துளியாக உருக்கி ஏற்றி, ஒவ்வொரு முறையும் ஆறவிட்டு ஊசியில் மாட்டிப் பார்த்தேன். சிறிய சூட்டுக்கோலின் வெப்பத்தைப் பித்தளை உறிஞ்சிக்கொண்டே இருந்ததால் முதல் துளி பிடிக்கவே அரைமணி நேரம் ஆயிற்று. முள் முழுச் சமநிலைக்கு வர வேண்டியதில்லை. தொங்கும் வேகம் மந்தமாகி, படுக்கைவாட்டில் பிடித்துவிட்டால் சோம்பலாக இறங்குகிற அளவு போதும். அந்த நிலை வந்தபோது கட்டி ஏறக்குறைய பழைய சுண்டைக்காய் அளவுக்கே வந்திருந்தது. மாட்டினேன். முக்கால் மணியைத் தயங்காமல் கடந்து பன்னிரண்டைத் தொட்டது.

செல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இத்தகைய மெஷின் சராசரியாக 0.1 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஓராண்டுக்கு 876 மில்லி ஆம்பியர் மணி ஆகும். மலிவான கார்பன் துத்தநாகச் செல்லே ஏறத்தாழ ஓராண்டுக்கு வந்துவிடும். ஆல்கலைன் செல் இரண்டு ஆண்டுகூட ஓடும். அந்த நீண்ட ஆயுளே அதன் ஆபத்தும். நாம் மறந்துபோகும் அளவுக்கு ஓடி, தீர்ந்த பிறகும் உள்ளேயே கிடந்து கசிகிறது. எங்கள் பழைய மெஷின் போனது அப்படித்தான். எனவே நான் மலிவான செல்லையே போட்டு, பொங்கலுக்குப் பொங்கல், அது ஓடினாலும் ஓடாவிட்டாலும், எடுத்து எறிந்துவிடுவது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நேரத் துல்லியத்துக்காக விலை கூடிய மெஷினைத் தேட வேண்டிய அவசியமில்லை. படிகங்களின் வழக்கமான பிழை எல்லை பத்து லட்சத்தில் 20 பங்கு, அதாவது நாளொன்றுக்கு இரண்டு நொடிக்கும் குறைவு. இசைக்கவைப் படிகம் 25 டிகிரி செல்சியசை ஒட்டி அதிவேகமாக அதிரும். அதைவிடச் சூடானாலும் குளிர்ந்தாலும் மெதுவாகும். சித்திரை வெயிலில் எங்கள் முன்னறை 38 டிகிரியைத் தொடும் நாளில் அந்த வெப்பம் மட்டுமே நாளுக்கு அரை நொடியைத் தின்றுவிடும், மாதத்துக்குப் பதினைந்து நொடி. கோடையில் மட்டும் கடிகாரம் சோம்பல் படுவதாக அம்மா சொல்லிக்கொண்டிருந்தது கற்பனையில்லை என்று இப்போது தெரிகிறது. நொடி முள் இல்லாத கடிகாரத்தில் அதை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதுதான் புரியவில்லை.

பலகையைச் சுவரில் திரும்ப மாட்டுவதற்கு முன், பின்பக்கக் குழியின் ஓரத்தில் பென்சிலால் இரண்டு வரி எழுதினேன். "துளையில் மரம் 6 மி.மீ., மரை 10 மி.மீ., தட்டைத் தண்டு. பெரிய முள்ளின் வாலில் உள்ள ஈயத்தை எடுக்க வேண்டாம்."